குளம் சில்லென்று இருக்கிறதா? பாய்லரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் கவுன்சில்கள் நடத்தும் உள்ளரங்க நீச்சல் குளங்களில் பல 1960-களிலும் 70-களிலும் கட்டப்பட்டவை. குளமும் கட்டடமும் அப்படியே இருக்கும். பிளாண்ட் ரூமில், அதாவது பாய்லரும் பம்பும் ஃபில்டரும் இருக்கும் அறையில் மட்டும், மூன்று தலைமுறைக் கருவிகள் ஒன்றோடொன்று பைப்பால் கட்டப்பட்டுக் கிடக்கும். "தண்ணி சில்லுனு இருக்கு" என்று நாலு பேர் வரவேற்பு மேசையில் புகார் சொன்னால், அடுத்த கூட்டத்திலேயே "பாய்லர் பழசாகிவிட்டது, மாற்றியாக வேண்டும்" என்று தீர்மானம் வந்துவிடும். புதுப் பாய்லர் வந்த பிறகும் தண்ணீர் சில்லென்றே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எய்தவன் இருக்க அம்பை நோவதற்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை.

இது குளத்தின் பிளாண்ட் ரூமைக் கவனிப்பவர்களுக்கும், செலவுக்கு ஒப்புதல் தரும் மேலாளர்களுக்கும் எழுதியது. கணக்குக்காக ஒரு சாதாரணக் குளத்தை எடுத்துக்கொள்கிறேன்: 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். மொத்தம் 450 கன மீட்டர் தண்ணீர். ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 கிலோவாட் மணி வேண்டும். ஆக, இந்தக் குளத்தை ஒரே ஒரு டிகிரி ஏற்றச் சுமார் 520 கிலோவாட் மணி. இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். கீழே எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் வரும்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு அளவுகள்

முதலாவது, இரவுச் சோதனை. கடைசி ஆள் ஏறிப்போன பிறகு குளத்துக்குப் போகும் வெப்பத்தை மட்டும் நிறுத்துங்கள். சுற்றும் பம்ப் ஓடட்டும், இல்லாவிட்டால் சென்சார் சொல்வதை நம்ப முடியாது. பத்து மணி நேரத்தில் 0.6 டிகிரி இறங்கினால் போனது ஏறத்தாழ 310 கிலோவாட் மணி, அதாவது சராசரியாக 31 கிலோவாட் இழப்பு. மறுநாள் இரவு பூல் கவரைப் போட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கவரின் மதிப்பு. கவர் இருந்தும் யாரும் போடுவதில்லை என்றால் அந்த விவரமும் இங்கேயே வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (பாய்லர் நீரும் குளத்து நீரும் கலக்காமல், தகடுகள் வழியாக வெப்பத்தை மட்டும் கைமாற்றும் கருவி) நான்கு பைப்புகளிலும் வெப்பநிலை. பாய்லர் பக்கம் உள்ளே, வெளியே. குளத்துப் பக்கம் உள்ளே, வெளியே. பல இடங்களில் பொருத்தியிருக்கும் தெர்மாமீட்டர்கள் பத்து வருடமாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். பைப்பில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ஒட்டும் வகை சென்சார் நான்கு வாங்கி, மேலே இன்சுலேஷன் சுற்றி அளந்தால் போதும். நான்கிலும் ஒரே மாதிரி சென்சார் இருப்பது முக்கியம். நமக்கு வேண்டியது வித்தியாசங்கள்தான்.

காலையில் சில்லென்று இருக்கிறது, மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது

பாய்லருக்கு வலு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இரவில் வெப்பம் எங்கோ போகிறது, அவ்வளவுதான்.

குளம் வெப்பத்தை இழக்கும் பெரிய வழி ஆவியாதல். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகப் போனால் கூடவே 0.68 கிலோவாட் மணி போகிறது. நமது 300 சதுர மீட்டர் பரப்பில், யாரும் இல்லாத நேரத்திலும் மணிக்கு 30 கிலோ ஆவியாவது சாதாரணம். அதுவே 20 கிலோவாட். காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து யாராவது இரவில் ஹாலின் காற்று வெப்பநிலையைக் குறைத்து வைத்திருந்தால், கவர் இல்லாத குளத்தில் இது இன்னும் கூடும். காற்று தண்ணீரைவிட ஒரு டிகிரி அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. இரவில் காற்றைக் குறைக்க ஆசைப்பட்டால் முதலில் கவரைப் போடுங்கள்.

அடுத்து பேக்வாஷ். மணல் ஃபில்டரைக் கழுவும்போது பத்து கன மீட்டர் சூடான தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப 10 டிகிரியில் மெயின்ஸ் தண்ணீர் வருகிறது. 28 டிகிரிக்கு அதை ஏற்ற 209 கிலோவாட் மணி. குளம் மொத்தமாக 0.4 டிகிரி இறங்கும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் புகார் வந்தால் பேக்வாஷ் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அதற்காகப் பேக்வாஷை நிறுத்திவிடாதீர்கள். ஞாயிறு மாலைக்கோ, மறுநாள் காலைக் கூட்டம் இல்லாத இரவுக்கோ மாற்றுங்கள்.

பிறகு டைமர். மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரத்தை மாற்றும் நாட்டில், பழைய கன்ட்ரோல் பெட்டிக்கு யாரும் நேரம் மாற்றியிருக்க மாட்டார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடப்பதுதான்.

பாய்லர் விடாமல் எரிகிறது, தண்ணீர் ஏறவே இல்லை

இங்கேதான் நிறையப் பணம் வீணாகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நான்கு அளவுகளையும் எடுத்து வையுங்கள்.

பாய்லர் பக்கத்தில் 80 டிகிரியில் உள்ளே போன நீர் 76-ல் திரும்பி வருகிறது என்றால், வெப்பம் வந்து சேர்கிறது, ஆனால் கைமாறவில்லை. தகடுகளில் படிவு சேர்ந்திருக்கலாம், அல்லது குளத்துப் பக்கம் தண்ணீர் போதுமான அளவு ஓடாமல் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது எளிது. குளத்துப் பக்கம் வெளியே வரும் நீர் நன்றாகச் சூடாக, உள்ளே போனதைவிட 15, 20 டிகிரி அதிகமாக இருந்தால் ஓட்டம்தான் குறைவு. அங்கேயும் ஒரு டிகிரிதான் ஏறுகிறது என்றால் படிவு.

ஓட்டம் குறைந்திருந்தால் பம்பின் ஸ்ட்ரெய்னர் கூடையைத் திறங்கள். தலைமுடி, ஒட்டுப்பட்டை, பிள்ளைகளின் முடி ரப்பர் எல்லாம் இருக்கும். அடுத்து எக்ஸ்சேஞ்சருக்குப் பக்கத்தில் இருக்கும் பைபாஸ் வால்வ். குளத்துத் தண்ணீர் முழுவதும் எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போவதில்லை. ஒரு பகுதிதான் போகும். அந்த வால்வை யாரோ ஒரு நாள் பழுதுபார்க்கத் திறந்துவிட்டு மூட மறந்திருந்தால் தண்ணீர் எளிதான வழியில் போய்விடும். ஃபில்டர் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தையும் பாருங்கள். அடைத்த ஃபில்டரும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

படிவுதான் என்றால், லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் ஆச்சரியம் இல்லை. மெயின்ஸ் தண்ணீரே கடினம். சூடான தகட்டில் சுண்ணாம்பு முதலில் படியும். பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) அளவு 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தால் படிவு வேகமாகும். பிளேட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், அல்லது அமிலக் கரைசலைச் சுற்றவிட்டுக் கரைக்கலாம். கழுவிய பிறகு மறுபடி நான்கு அளவு. 76 என்பது 62 ஆனால், பாய்லர் மாற்றும் கோப்பை மூடி வைக்கலாம்.

இனி எதிர்மாறான நிலை. 80-ல் உள்ளே போன நீர் 45-ல் வெளியே வருகிறது, ஆனாலும் குளம் ஏறவில்லை. பாய்லர் பக்கத்து நீர் மெதுவாக ஊர்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்து பம்ப், ஸ்ட்ரெய்னர், பாதியில் சிக்கிய மூன்று வழி வால்வ் (சூடான நீரை எக்ஸ்சேஞ்சருக்கோ அதைச் சுற்றியோ திருப்புவது), பைப்பில் காற்று என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய இரும்பு ரேடியேட்டர்களும் இதே சுற்றில் இருந்தால் கறுப்புச் சேறு பைப்புக்குள் நிறைய இருக்கும்.

மூன்றாவது நிலை: நான்கு அளவும் ஒழுங்காகவே இருக்கின்றன. அப்போது கணக்குப் போடுங்கள். குளத்துப் பக்க ஓட்டத்தை மணிக்குக் கன மீட்டரில் எடுத்து, ஏறிய டிகிரியாலும் 1.16-ஆலும் பெருக்கினால் கிலோவாட் வந்துவிடும். மணிக்கு 20 கன மீட்டர் ஓடி 4 டிகிரி ஏறினால் 93 கிலோவாட் குளத்துக்குள் போகிறது. நமது குளத்துக்கு ஆள் இருக்கும்போது ஆவியாதலுக்கு 40 கிலோவாட், ஒரு ஆளுக்கு 30 லிட்டர் புதுத் தண்ணீர் என்ற வழக்கப்படி 500 பேர் வரும் நாளில் அதைச் சூடாக்க இன்னும் 13 கிலோவாட். மொத்தம் 55 பக்கம். 93 போயும் ஏறவில்லை என்றால் தண்ணீர் எங்கோ வெளியேறுகிறது. மெயின்ஸ் மீட்டரை இரவிலும் காலையிலும் படியுங்கள். குளத்திலோ பேலன்ஸ் டேங்கிலோ (குளத்திலிருந்து வழியும் நீரைத் தாங்கும் தொட்டி) கசிவு இருந்தால் இழப்பது வெறும் தண்ணீர் இல்லை, சூடான தண்ணீர்.

பாய்லர் எரிவதும் அணைவதுமாக இருக்கிறது

பெரும்பாலும் அளவுக்கு மீறிய பாய்லர். ஒரு காலத்தில் குளம், ஹால், ஷவர், பக்கத்து ஜிம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டது. இப்போது ஜிம்முக்குத் தனி ஏசி வந்துவிட்டது, பாய்லர் மட்டும் அதே அளவில் நிற்கிறது. ஒவ்வொரு முறை பற்றும்போதும் ஊதுவிசிறி உலையைக் காற்றால் கழுவும், அந்த வெப்பம் புகைபோக்கி வழியாகப் போகும். பற்றவைக்கும் பாகங்களும் சீக்கிரம் தேயும். இரண்டு பாய்லர் இருந்தால் கோடையில் ஒன்றை நிறுத்திப் பாருங்கள். சமாளிக்கிறது என்றால், புதிதாக வாங்கும்போது எந்த அளவு வேண்டும் என்பதற்கு இலவச விடை கிடைத்துவிட்டது.

தண்ணீர் 32 டிகிரிக்குப் போய்விட்டது

மூன்று வழி வால்வ் திறந்தபடி சிக்கியிருக்கும், அல்லது சென்சார் தப்பான இடத்தில் இருக்கும். தண்ணீர் ஓடாத மூலையில் சென்சார் இருந்தால் அது பிளாண்ட் ரூமின் குளிரைத்தான் அளக்கும். குளத்து பம்ப் நின்றால் வெப்பமும் நிற்கும்படி இணைப்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். அது இல்லாத இடத்தில் பைப்புக்குள் தேங்கிய நீர் கொதிநிலையை நெருங்கும். பம்பைத் திரும்பப் போட்டதும் அது நேராகக் குளத்துக்குள் பாயும்.

சிஸ்டம் அழுத்தம் தானாக ஏறுகிறது, அல்லது இறங்குகிறது

இறங்கினால் முதலில் பைப் மூட்டுகள், சேஃப்டி வால்வ், விரிவுத் தொட்டி. அதெல்லாம் காய்ந்திருந்தும் இறங்கினால் எக்ஸ்சேஞ்சருக்குள்ளேயே ஓட்டை என்று சந்தேகப்படுங்கள். பாய்லர் பக்கம் அழுத்தம் அதிகம் என்றால், துருத் தடுப்பு மருந்து கலந்த நீர் குளத்துக்குள் போகும். குளத்துப் பக்கம் அதிகம் என்றால் குளோரின் கலந்த நீர் பாய்லர் சுற்றுக்குள் வரும். அப்போது அழுத்தம் ஏறும், இரும்பு பாய்லர் உள்ளிருந்து அரிக்கும். பாய்லர் சுற்றின் நீரை எடுத்துக் குளோரைடு சோதித்தால் தெரிந்துவிடும். இது உறுதியானால் தள்ளிப்போட வேண்டாம். எக்ஸ்சேஞ்சரை மாற்றுங்கள். மாற்றும்போது டைட்டானியம் கேளுங்கள். சாதாரண ஸ்டெயின்லெஸ் தகடு குளோரைடால் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். விலை வித்தியாசம் ஒருமுறைதான்.

செம்புக் குழாய் உள்ள ஹீட்டரில் பி.எச். நீண்ட நாள் இறங்கிக் கிடந்தால் செம்பு கரையும். ஓரங்களில் நீலப்பச்சைக் கறை, பொன்னிற முடிக்காரர்களின் தலையில் பச்சைச் சாயல் எல்லாம் அதன் அடையாளம். பழியை எல்லாரும் குளோரின்மேல் போடுவார்கள்.

பாய்லருக்கு அடியில் ஈரம், உள்ளே சத்தம், புகைபோக்கியில் கரி

கரியும் மஞ்சள் சுவாலையும் இருந்தால் மேலே படிக்க வேண்டாம். பாய்லரை நிறுத்தி, அறையைக் காற்றோட்டமாக்கி, வணிகக் கருவிகளுக்கான கேஸ் சேஃப் பதிவு (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவு) உள்ளவரைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம் என்றால் பாய்லருக்குள் படிவு. அடியில் துருவும் ஈரமும் என்றால் இன்னொரு காரணம் யோசிக்க வேண்டும். பழைய வார்ப்பிரும்பு பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால், எரிந்த வாயுவில் உள்ள நீராவி உலைக்குள்ளேயே குளிர்ந்து அமிலம் கலந்த நீராக வடியும். குளம் 28 டிகிரியில் இருப்பதால் இது எளிதில் நடக்கும். திரும்பி வரும் நீரோடு சூடான நீரைக் கலக்கும் வால்வ் வேலை செய்யாவிட்டால் பாய்லர் தன்னைத் தானே அரித்துக்கொள்ளும்.

பிளாண்ட் ரூமில் குளோரின் வாளியோ அமிலக் கேனோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பாய்லர் அந்தக் காற்றை உறிஞ்சி எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகிறது. நல்ல பாய்லரும் சீக்கிரமே பொத்தலாகும். புது பாய்லர் வைத்துவிட்டு வாளியை அங்கேயே விட்டால் கதை திரும்பவும் அதேதான்.

பாய்லரின் பகுதிகளுக்கு இடையில் கசிவு, உதிரிபாகம் கிடைக்கவில்லை, பழுதுக்கான செலவு ஆண்டுக்காண்டு ஏறுகிறது என்ற நிலை வந்தால், சரி, மாற்றும் நேரம்தான்.

தண்ணீர் சரியான சூட்டில் இருக்கிறது, ஆனாலும் நடுங்குகிறார்கள்

மீட்டர் 28 காட்டும், ஏறி வந்தவர் பல்லைக் கடிப்பார். குறை காற்றில். ஹாலுக்குள் காற்றைச் சூடாக்கி அனுப்பும் ஏர் ஹேண்டிலிங் யூனிட்டின் பெல்ட் நழுவுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஹீட்டிங் காயிலுக்குச் சூடான நீர் போகிறதா என்று பாருங்கள். வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டு உள்ளே வரும் காற்றுக்குத் தரும் பகுதி அரித்துப் போயிருந்தால், எவ்வளவு பெரிய பாய்லரும் ஈடு கொடுக்காது.

ஜன்னலில் நீர் வடிகிறது, கண் எரிகிறது, "குளோரின் வாடை" அடிக்கிறது என்றால் வெளிக்காற்று போதவில்லை. அந்த வாடை பெரும்பாலும் குளோராமைனுடையது, அதாவது வியர்வை போன்றவற்றோடு குளோரின் சேர்ந்து உருவாகும் பொருளுடையது. எரிபொருளை மிச்சம் பிடிக்க யாரோ வெளிக்காற்று மடலை மூடி வைத்திருப்பார்கள். இதை வெறும் வசதிக் குறைவு என்று விட்டுவிடக் கூடாது. 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் நகரத்து நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் கம்பிகள் குளோரின் கலந்த காற்றால் விரிசல் விட்டிருந்தன. ஈரக் காற்று வருடக்கணக்கில் கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்த குளத்தில் பாய்லருக்கு டெண்டர் விடுவதற்கு முன், கூரைக்கு மேலே டார்ச்சோடு தகுதியான ஒருவரை அனுப்புங்கள்.

2000-ஆம் ஆண்டுக்கு முந்தைய, காற்றின் ஈரம் நீக்கும் கருவியில் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு இருந்தால் பேச்சே இல்லை. 2015 ஜனவரி 1 முதல் பழைய கருவிகளில் அதை மறுபடி நிரப்பவே சட்டம் அனுமதிப்பதில்லை. கசிந்தால் கதை முடிந்தது. கசியும் முன்பே மாற்றத் திட்டமிடுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

பழைய பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட்டை அப்படியே புது ஆர்டரில் எழுதாதீர்கள். பெரும்பாலான தவறு அங்கேதான் தொடங்குகிறது. மேலே சொன்ன இரவுச் சோதனை, கோடையில் ஒரே பாய்லரில் ஓட்டிய அனுபவம், கேஸ் மீட்டரின் மணிவாரிக் கணக்கு இவற்றிலிருந்து அளவு எடுங்கள். காலியான குளத்தை ஒரே நாளில் சூடாக்கப் பெரிய பாய்லர் வேண்டும் என்று யாராவது வாதிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டைல்ஸும் பூச்சும் வெடிக்காமல் இருக்க, மணிக்குக் கால் டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பிரிட்டனில் பின்பற்றும் வழக்கம். நமது குளத்துக்கு அது 130 கிலோவாட். அதற்கு மேல் இருந்தும் குளத்துக்குள் விட முடியாது.

குளத்தையும் ஷவரையும் பிரியுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் வேலை. ஷவர்த் தண்ணீரை லெஜியோனெல்லா கிருமிக்காக 60 டிகிரியில் சேமிக்க வேண்டும். குளத்துக்கு 28 போதும். இரண்டும் ஒரே சுற்றில் இருந்தால் குளத்துக்காகவும் 80 டிகிரியில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் பாய்லர் வாங்கியும் அது கண்டென்ஸ் ஆகாது.

பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் (மின்சாரத்தால் வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே தரும் கருவி) போட ஆசை இருந்தால் எக்ஸ்சேஞ்சரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 80-க்கும் 60-க்கும் இடையில் ஓடிய எக்ஸ்சேஞ்சர், 45-க்கும் 40-க்கும் இடையில் அதே வெப்பத்தைத் தர மூன்று மடங்குக்கு மேல் தகட்டுப் பரப்பு கேட்கும். ஹீட் பம்பை மட்டும் வாங்கிப் பழைய எக்ஸ்சேஞ்சரில் இணைத்தால், குளிர்காலத்தில் தண்ணீர் ஏறாது, பழி ஹீட் பம்பின்மேல் விழும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் என்பது நல்ல கணக்குதான். ஆனால் பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் கேஸைவிட மூன்று, நான்கு மடங்கு விலை. கார்பன் நிச்சயம் குறையும். பில் குறையுமா என்பதை உங்கள் கட்டணத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கட்டடத்துக்கு வரும் மின் இணைப்பு தாங்குமா என்று மின்விநியோக நிறுவனத்திடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம்.

டெவனில் எக்ஸ்மவுத் குளத்தில் 2023-ல் ஒரு சிறிய டேட்டா சென்டரை வைத்து, கம்ப்யூட்டர்கள் கக்கும் வெப்பத்தைக் குளத்துக்குத் திருப்பினார்கள். பாய்லரை எடுத்துவிடவில்லை, அதன் வேலையைக் குறைத்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் குளங்களுக்கென 6 கோடி பவுண்டு ஆதரவு நிதி வந்தபோது, 2 கோடி உடனடிச் செலவுக்கும் 4 கோடி எரிசக்தியை மிச்சம் பிடிக்கும் வேலைகளுக்கும் பிரிக்கப்பட்டது. இப்படி நிதி அறிவிக்கப்படும்போது அளவுகள் கையில் உள்ள குளம் உடனே விண்ணப்பிக்க முடியும். மற்றவர்கள் அப்போதுதான் தெர்மாமீட்டர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பழைய பாய்லரை உடைக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு. பிரிட்டனில் முழுத் தடை 1999-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பைப் உறை, பாய்லர் கதவின் கயிறு, புகைபோக்கி மூட்டு எதிலும் இருக்கலாம். சாதாரண மேற்பார்வை ஆய்வு போதாது, இடித்துப் புதுப்பிக்கும் வேலைக்கான ஆய்வு வேண்டும். ஒப்பந்தக்காரர் வந்து இறங்கிய பிறகு இது தெரிந்தால் குளம் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

வேலை முடிந்து கையெழுத்துப் போடும் முன் அதே இரவுச் சோதனையையும் அதே நான்கு அளவுகளையும் மறுபடி எடுங்கள். குளத்துப் பக்க ஓட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய அளவுகளுக்குப் பக்கத்தில் புதியவற்றை எழுதி, தேதி போட்டு, பிளாண்ட் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். முதல் குளிர்காலத்தில் ஒருமுறை, தகடு கழுவிய பிறகு ஒருமுறை என்று அதன் கீழேயே தொடர்ந்து எழுதலாம். பாய்லர் பக்கத்து வித்தியாசம் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே போனால், புகார் வருவதற்கு முன்பே தகட்டைக் கழுவ ஆளைக் கூப்பிட்டுவிடலாம்.